இரண்டாவது கையெழுத்து

பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் சிலர் டார்ம்ஸ்டாட்டில் படித்துப் பட்டத்தோடு வருகிறீர்கள். சிலர் தொழிற்பயிற்சி முடித்து, புதுச் சப்பாத்தும் புது ஹெல்மெட்டுமாக வருகிறீர்கள். லிஃப்ட், கிரேன், ரயில், பூங்கா ராட்டினம் என்று எதைப் பரிசோதிக்கப் போனாலும் ஒரு புத்தகமும் பேனையும் கையில் தருவார்கள். கருவிகளைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பேனையைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் மன்னாரில் பிறந்தவள். பெயர் ஜெசிந்தா. அகதியாக ஜேர்மனிக்கு வந்து, ஓடன்வால்ட் மலைப்பக்கம் இருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் குப்பை கூட்டும் வேலையில் சேர்ந்தேன். பூங்காவின் பெயர் வேண்டாம். அங்கே மரத்தால் கட்டிய ஒரு பெரிய ரோலர் கோஸ்டர் இருந்தது. எட்டு மாடி உயரம். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே மெல்லிய இரும்புத் தகடு பதித்த தடம். அதைத் தாங்கக் காடு மாதிரி மரத்தூண்கள். பூங்கா திறப்பதற்கு முன்பு தினமும் காலையில் இரண்டு பேர் அந்தத் தடம் முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். பனியிலும் மழையிலும் அந்த உயரத்தில் நடக்க ஆள் கிடைக்கவில்லை. உயரம் எனக்குப் பயமில்லை என்று மேலாளரிடம் சொன்னேன். அது பாதிப் பொய். வேலை கிடைத்தது. பதினேழு வருடம் நடந்தேன்.

என்னோடு நடந்த மற்றவர் பருத்தித்துறைக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவருடைய பெயரையும் விட்டுவிடுகிறேன். நான் கூப்பிட்டபடி அண்ணை என்றே எழுதுகிறேன். வேலை முழுக்க அவரிடம்தான் படித்தேன்.

அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய ஒரு காலையைச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த முதல் வருடம், ஒரு சனிக்கிழமை. சுற்று முடித்துக் கீழே இறங்கினோம். வாசலில் சனம் நிரம்பி நின்றது. திறக்க இருபது நிமிடம் இருந்தது. அண்ணை என் இடுப்புப் பட்டியைப் பார்த்தார்.

“பதின்மூண்டாம் நம்பர் ஸ்பானர் எங்கை, பிள்ளை?”

“காரிலை விட்டிருப்பன் அண்ணை.”

“விட்டிருப்பனோ, விட்டனானோ?”

“வடிவாத் தெரியேல்லை.”

அவர் ரேடியோவை எடுத்து, இன்று நேரத்துக்குத் திறக்க ஏலாது என்று, சனம் வண்டியில் ஏறும் நிலையத்துக்குச் சொன்னார். திரும்பவும் ஏறினோம். மேலாளர் இரண்டு தடவை கீழே வந்து நின்று கையைக் காட்டிக் காட்டிக் கேட்டார். அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது வளைவில், தகட்டோடு ஒட்டி அந்த ஸ்பானர் கிடந்தது. சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தபோது வைத்திருக்கிறேன். வண்டியின் சக்கரம் சரியாக அதில்தான் ஏறியிருக்கும். அண்ணை அதை எடுத்து என் கையில் தந்தார். திட்டவில்லை. “தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லப் பழகு” என்றார். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மனிதரோடுதான் நான் இனிச் சொல்லப் போகும் சம்பவத்துக்குள் போனேன். அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

மரத்தடத்துக்கு வயதானது. ஒவ்வொரு குளிர்காலமும் பலகை மாற்றினோம்; அடுத்த கோடைக்குள் திரும்பக் குலுங்கத் தொடங்கியது. ஏறியவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கடைசியில் நிர்வாகம் முடிவெடுத்தது: மரத்தூண்கள் நிற்கட்டும், மேலே இருக்கும் பலகைத் தடத்தைக் கழற்றிவிட்டு இரும்புத் தடம் போடலாம். ஊர்ப் பத்திரிகையில் சிலர் மனவருத்தப்பட்டு எழுதினார்கள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்தப் பலகைகளோடு குளிரில் மல்லுக்கட்டியவள் நான்.

ஒக்டோபர் கடைசியில் ரோலர் கோஸ்டரை மூடினோம். கட்டுமானக்காரர்களிடம் கொடுப்பதற்கு முன்பு எல்லாத் தூண்களின் அடியையும் பார்த்து எழுதும்படி சொன்னார்கள். தூணின் அடி கொங்கிறீட் கட்டையில் இரும்புச் செருப்பு எனப்படும் தாங்கிக்குள் நிற்கும். தண்ணீர் தங்குவதும் மரம் உக்குவதும் அங்கேதான். இலை, மண்ணை விலக்கி, குத்தூசியால் குத்திப் பார்க்க வேண்டும். தூண்களை நானும் அண்ணையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டோம். புத்தகத்தில் ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு கையெழுத்து. பார்த்தவர் முதலில் வைப்பார், மற்றவர் சரிபார்த்து இரண்டாவதாக வைப்பார். நாலு கண் விதி என்று இங்கே சொல்வார்கள்.

என் பாதியில், முதல் இறக்கத்தின் அடியில் ஒரு பள்ளம் இருந்தது. நான் போன அன்று மழை. பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஓரத்தில் இருந்த தூண்களை எட்டிப் பார்த்துவிட்டேன். நடுவில் நின்ற நூற்றுப் பன்னிரண்டாம் தூணிடம் போகவில்லை. பக்கத்துச் சட்டத்தில் நின்று மேல்பகுதியைச் சுத்தியலால் தட்டினேன். சத்தம் நன்றாக இருந்தது. தண்ணீர் வற்றியதும் வரலாம் என்று நினைத்தேன். மத்தியானத்துக்கு முன்பே புத்தகத்தைக் கேட்டார்கள். வெறும் கட்டம் விட்டுக் கொடுத்தால் கேள்வி வரும். ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிறகு பனி விழுந்தது. மறந்துவிட்டேன். உண்மையாகவே மறந்துவிட்டேன்.

பெப்ரவரியில் ஒரு காலை, வேலைத்தளத்துக் கொள்கலன் அறையில் கூட்டம். புதுத் தடத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் கத்ரின் வரைபடத்தை மேசையில் விரித்தார். நாற்பது வயது இருக்கும். குரலை உயர்த்தாத பெண். புது வண்டி பழையதைவிட வேகமாகப் போகும், தூண்களைப் பக்கவாட்டிலும் இழுக்கும் என்று விளக்கினார். சந்தேகமான தூண்கள் சிவப்பில் இருந்தன. அவற்றின் அடியை வெட்டிப் புது மரம் பொருத்துவார்கள். மற்றவை பச்சை.

“பச்சையை நாங்கள் திறக்கப் போவதில்லை. ஒக்டோபர் பரிசோதனைப் புத்தகம் இருக்கிறது, இரண்டு அனுபவசாலிகள் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அது போதும்” என்று எங்கள் இருவரையும் பார்த்துத் தலையசைத்தார்.

வரைபடத்தில் முதல் இறக்கத்தின் அடியில், வண்டி தன் முழு வேகத்தோடு வந்து மேலே திரும்பும் இடத்தில், 112 என்ற இலக்கம் பச்சையாக இருந்தது.

இடைவேளையில் தனியாகப் பள்ளத்துக்குப் போனேன். என் புத்தி எங்கே ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன்: யாருக்கும் தெரியாமல் இப்போது பார்த்துவிட்டால் போதும், எழுதியது உண்மையாகிவிடும். ஆனால் பள்ளம் அங்கே இல்லை. கிரேன் நிற்பதற்காகக் கல்லும் சரளையும் கொட்டி நிரப்பி, மேலே இரும்புத் தட்டுப் போட்டு, அதன்மேல் கிரேன் நின்றது. தூணின் அடி ஒரு மீற்றர் ஆழத்தில் புதைந்திருந்தது.

அண்ணை கருவி வைக்கும் கொட்டிலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஆருக்கும் சொன்னனியோ?”

“இல்லை அண்ணை. முதல் உங்களுக்குத்தான்.”

“அப்ப சொல்லாதை. கேள். கிரேன் ஏப்ரலிலை போகும். போனாப் பிறகு நான் கத்ரினிட்டைச் சொல்லுறன், அதிலை தண்ணி நிக்கிறது, சந்தேகமாக் கிடக்கு, ஒருக்காத் திறந்து பாப்பம் எண்டு. திறப்பினம். உக்கியிருந்தால் மாத்துவினம். காரியம் முடிஞ்சுது. உனக்கும் ஒண்டுமில்லை, வண்டிக்கும் ஒண்டுமில்லை.”

கெட்ட யோசனை இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். தூண் திறக்கப்படும், ஆபத்து நீங்கும், யாருடைய வேலையும் போகாது. என்னால் உடனே மறுக்க முடியவில்லை. வெளியே கிரேன் ஒரு பலகைத் தடத்தைத் தூக்கி இறக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அவ புத்தகத்தை நம்பித்தான் மற்ற எல்லாத்தையும் விடுறா அண்ணை. ஒரு தூணுக்கு மட்டுமோ புத்தகம்?”

“உன்ர மற்றதெல்லாம் பாத்தனிதானே?”

“ஓம். ஆனா அது அவவுக்குத் தெரியாதே. நான் போய்ச் சொல்லப் போறன்.”

“கீழை என்ர கையெழுத்துக் கிடக்கு, பிள்ளை.”

நான் அதை அதுவரை யோசிக்கவில்லை. 112க்கு நேரே அவரும் இரண்டாவதாகக் கையெழுத்து வைத்திருந்தார், தூணைப் பார்க்காமல், என்னை நம்பி. நான் வாயைத் திறந்தால் அவரும் விழுவார். அவருக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

அண்ணை எழுந்து கோப்பையைக் கழுவினார். முதுகைக் காட்டியபடியே, “எனக்கும் ரெண்டு இருக்கு” என்றார். “நிலையத்துக்குப் பின்னாலை, முள்ளுப் பத்தைக்குள்ளை. அண்டைக்கு முழங்கால் குத்து. குனிய ஏலாமப் போச்சு.”

ஒரு ஸ்பானருக்காகப் பூங்கா முழுவதையும் காத்திருக்க வைத்த மனிதர்.

“நான் என்ரையைத்தான் சொல்லுவன்,” என்றேன். “உங்கடையை நீங்கள் வந்து சொல்லுங்கோ அண்ணை.”

அவர் கழுவிய கோப்பையைத் துடைக்கத் தொடங்கினார்.

கத்ரினிடம் சொல்ல இரண்டு நிமிடம் பிடித்தது. அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திக் கேட்டார். கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“எத்தனை தூண், ஜெசிந்தா?”

“ஒன்று.”

“நீ போய்ப் பார்க்காமல் கையெழுத்து வைத்தது ஒன்றுதானா?”

“ஒன்றுதான்” என்றேன். அண்ணையின் இரண்டையும் நான் சொல்லவில்லை. அவர் பின்னால் வருவார் என்று நினைத்தேன். வருவார் என்று எதிர்பார்த்து, கதவை ஒருமுறை திரும்பியும் பார்த்தேன்.

கத்ரின் புத்தகத்தை மூடிக் கையால் மேசை ஓரத்துக்குத் தள்ளினார். “அப்படியானால் இது எனக்கு இனிச் சாட்சி இல்லை” என்றார். “எல்லாப் பச்சைத் தூணையும் துளைத்துப் பார்க்க வேண்டும்.”

அன்று பின்னேரமே கிரேன் வேலையை நிறுத்தினார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர் ஒரு கருவியோடு வந்தார்கள். மெல்லிய ஊசி மரத்துக்குள் துளைத்துப் போகும்போது மரம் எவ்வளவு எதிர்க்கிறது என்று அது கோடு வரையும். நல்ல மரத்தில் கோடு உயரமாகப் போகும், உக்கிய இடத்தில் விழுந்துவிடும். கோடை விடுமுறைத் தொடக்கத்தில் திறப்பதாக இருந்த ரோலர் கோஸ்டர் ஐந்து வாரம் தள்ளிப் போனது. உணவு அறையில் என் மேசைக்கு ஒருவரும் வரவில்லை. இயக்குநர் ஒருநாள் வேலைத்தளத்துக்கு வந்தார். எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கிரேனை விலக்கி, சரளையைத் தோண்டி 112ஐத் துளைத்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். ஊசி உள்ளே போனது. கோடு உயர்ந்து, உயரத்திலேயே நின்றது. மூன்று பக்கத்திலிருந்து துளைத்தார்கள். மரம் கல் மாதிரி இருந்தது. ஒரு குறையும் இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி இல்லை. கடுங்கோபம். ஒன்றுமில்லாத ஒரு தூணுக்காக எல்லாவற்றையும் குழப்பிவிட்டேனே, அண்ணை சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன். இரண்டு நாள் அப்படித்தான் திரிந்தேன்.

மூன்றாம் நாள் நிலையத்துக்குப் பின்னால் இருந்த முள்ளுப் பற்றையை வெட்டினார்கள். அங்கே நின்ற ஒரு தூணில் ஊசி இரண்டு விரல் அளவு போனதும் கோடு அப்படியே கீழே விழுந்தது. வெளியே நல்ல மரம், உள்ளே ஈரத்தூள். அந்தத் தூணுக்கு மேலேதான் கடைசி வளைவு. அதற்குக் கீழேதான் சனம் வரிசையில் நிற்கும் பாதை.

கத்ரின் என்னைக் கூப்பிட்டார். புத்தகம் திறந்திருந்தது. அந்தத் தூணின் வரிசையில் அவர் விரலை வைத்தார். முதல் கையெழுத்து அண்ணையுடையது. இரண்டாவது என்னுடையது.

“நீ இதைப் பார்த்தாயா?”

“இல்லை.”

“ஒன்று என்று சொன்னாய்.”

நான் பொய் சொல்லவில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பார்க்காமல் விட்ட தூண் ஒன்று. அது என் கணக்கு. ஆனால் அண்ணையின் பாதி முழுவதற்கும் நான் இரண்டாவது கையெழுத்து வைத்திருந்தேன். அவருடைய பக்கங்களை ஒரே இருப்பில் திருப்பி, வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். அவர் என் பக்கங்களுக்கு அப்படியே செய்தார். பதினேழு வருடமாக. ஒருவர் மற்றவரை நம்பினோம், தூணை ஒருவருமே இரண்டாம் முறை பார்க்கவில்லை. நாலு கண் என்று எழுதியிருந்த இடமெல்லாம் இரண்டு கண்தான் இருந்தது. சில இடத்தில் அதுவும் இல்லை.

“ஒன்று இல்லை,” என்றேன். “பாதிப் புத்தகம்.”

கத்ரின் நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். அவர் வெளியே போய் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். எங்கள் இருவருக்கும் கையெழுத்து உரிமை நிறுத்தப்பட்டது. என்னைப் படகுச் சவாரிக்கு மாற்றினார்கள். அண்ணையைத் தோட்டப் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கேயிருந்தே ஓய்வு பெற்றார். மொத்தம் மூன்று பச்சைத் தூண்களின் அடியை வெட்டி மாற்றினார்கள். ஓகஸ்ட்டில் இரும்புத் தடம் திறந்தது. முதல் வண்டி மேலேறிக் கீழே பாய்ந்தபோது நான் படகுத் துறையில் பட்டி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தடம் குலுங்கும் சத்தமே இல்லை; ஆட்கள் கூவியது மட்டும் கேட்டது.

இரண்டு வருடம் கழித்து, பூங்காவின் பராமரிப்புப் பொறுப்புக்கு வந்திருந்த கத்ரின் என்னைத் திரும்ப எடுத்தார். விதி மாறியிருந்தது. இரண்டாவது கையெழுத்து வைப்பவர் வேறொரு நாளில் தனியாகப் போய், தன் நிறச் சுண்ணக்கட்டியால் தூணின் அடியில் அடையாளம் போட வேண்டும். ஓய்வு பெறும்வரை நான் அந்த இரண்டாவது ஆளாக இருந்தேன். நீலச் சுண்ணக்கட்டி.

அண்ணையோடு நெடுநாள் கதை, பேச்சு இல்லை. நான் காட்டிக் கொடுத்தேன் என்று அவர் நினைக்கிறார் என்று நான் நினைத்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு சனிக்கிழமை, டார்ம்ஸ்டாட்டில் தமிழ்க் கடையில் மரவள்ளிக்கிழங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் அவரைக் கண்டேன். மெலிந்திருந்தார். சுகம் விசாரித்தோம். போக வெளிக்கிட்டவர் நின்றார்.

“அண்டைக்கு நானும் வந்தனான், பிள்ளை.”

“எங்கை அண்ணை?”

“நீ கத்ரினிட்டைச் சொல்லேக்கை. கதவடி வரைக்கும் வந்தனான். உன்ர குரல் கேட்டுது. ஒண்டு எண்டு சொன்னனி. நிண்டன். என்ர ரெண்டையும் நீ சொல்லேல்லை எண்டாப்போலை திரும்பிப் போயிட்டன்.”

அவருக்கு என் மேல் கோபம் இருக்கவில்லை. அந்தக் கதவடியில் நின்றதைத்தான் இத்தனை வருடம் மனதில் காவிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

“புத்தகம் இப்பவும் கத்ரினிட்டைத்தான் இருக்கு,” என்றேன்.

“இனிச் சொல்லி என்ன? எல்லாத் தூணையும் துளைச்சுப் பாத்திட்டினம்.”

“ஓம். எண்டாலும் அவ அங்கைதான் இருக்கிறா.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்துக் கத்ரின் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அண்ணை நேரம் கேட்டு வந்திருக்கிறார். பழைய புத்தகங்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, இரண்டு பின்னேரம் உட்கார்ந்து, தான் நேரில் போகாமல் எழுதிய இடங்களுக்கு நேரே சிவப்புப் பேனையால் புள்ளி வைத்திருக்கிறார். ஞாபகம் இருந்தவரைக்கும். “உனக்கும் நேரம் இருக்குமா?” என்று கத்ரின் கேட்டார்.

நானும் போனேன். என் பக்கங்களிலும் புள்ளிகள் விழுந்தன. நான் நினைத்ததைவிட அதிகம். கத்ரின் எல்லாப் புள்ளிகளையும் ஒரு வரைபடத்தில் போட்டு எனக்குக் காட்டினார். தண்ணீர் தேங்கும் இடங்கள். முள் வளரும் இடங்கள். சுற்றின் முடிவில், சாப்பாட்டு நேரத்துக்குக் கிட்ட வரும் இடங்கள். வேறொன்றும் இல்லை. மனிதர் போகாமல் விடும் இடம் எது என்று அந்த வரைபடத்தைப் பார்த்தால் ஒரு குழந்தையும் சொல்லிவிடும். பதினேழு வருடம் நடந்த எங்கள் இருவருக்கும் அது தெரியாமல் இருந்தது, அல்லது ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்தோம்.

உங்கள் புத்தகத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் உங்களை நீங்களே திட்டிக்கொண்டு நிற்காதீர்கள். போய்ச் சொல்லுங்கள், பிறகு அங்கே போவதற்கு வழி கேளுங்கள். எங்கள் பூங்காவில் அந்த வரைபடத்தை வைத்துத்தான் அடுத்த குளிர்காலத்தில் வேலை செய்தார்கள். முள்ளுப் பற்றை இருந்த இடத்தில் சரளை போட்டார்கள். கிரேனுக்காகக் கொட்டிய சரளையை அள்ளிய பிறகு திரும்பவும் தண்ணீர் தேங்கிய பள்ளத்தின் குறுக்கே, 112ஆம் தூண் வரைக்கும், கைப்பிடி வைத்த பலகைப் பாதை ஒன்று போட்டார்கள். இப்போது எந்த மழையிலும் சப்பாத்து நனையாமல் அங்கே போகலாம்.